போர்முனையில் இருந்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வது: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயதானவர்களின் பேச்சை அவர்களின் குடும்பத்துக்காகப் பதிவு செய்து கொடுப்பதைக் கொஞ்சக் காலமாகச் செய்து வருகிறேன். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, வத்தளை என்று எங்கே போனாலும், அந்த வீட்டில் சண்டை அனுபவம் உள்ள ஒருவர் இருந்துவிட்டால், வீட்டுக்காரர்கள் என்னைப் பல்கனிக்குத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கின்றன. வட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நான் சட்டத்தரணியும் இல்லை, மனநல மருத்துவரும் இல்லை. அவர்களிடம் போகவேண்டிய இடத்தில் போகச் சொல்லியிருக்கிறேன்.

போர் வீரர் எண்டா ஆமிக்காரர் மட்டுமா? யாரையெல்லாம் பதிவு செய்யலாம்?

சண்டை நடந்த இடத்தில், எந்தப் பக்கத்திலாவது கடமையில் இருந்த எவரையும் செய்யலாம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியருக்குக் கீழே இருந்தவர்கள், முப்படை, பொலிஸ், ஊர்காவல் படை, ஆயுதம் தூக்கிய இயக்கங்களில் இருந்தவர்கள், 1987 முதல் 1990 வரை இங்கே நின்ற இந்திய அமைதிப்படையில் இருந்து பிறகு ஓய்வுபெற்ற தமிழ்நாட்டு ஆட்கள், எல்லோரும் இதில் வருவார்கள். துவக்குத் தூக்கியவர் மட்டும்தான் என்று கோடு போட்டால் அம்புலன்ஸ் ஓட்டியவர், சிக்னலில் (படைத் தொலைத்தொடர்பில்) இருந்தவர், ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தவர் எல்லாம் விடுபட்டுப் போவார்கள். என் அனுபவத்தில் மற்றவர்களைவிட அதிகம் பார்த்தவர்கள் இவர்கள்தான். ஆமியை விட்டு ஓடிவந்தவரையும் ஒதுக்காதீர்கள், அவர் ஏன் ஓடினார் என்பதும் அந்தப் போரின் கதைதான்.

தமிழர்கள் படையில் இருந்தார்களா என்று இளம் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். இலங்கை இராணுவத்துக்கு 1955 இல் முதல் இலங்கையத் தளபதியாக வந்தவர் அன்ரன் முத்துக்குமாரு. 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதி ராஜன் கதிர்காமர். 2017 இல் டிராவிஸ் சின்னையா கொஞ்ச நாள் அதே பதவியில் இருந்தார். பழைய கொழும்புத் தமிழ்க் குடும்பங்களில் சீருடையோடு எடுத்த ஒரு பெரியப்பாவின் படம் அலுமாரிக்குள் கிடந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

அப்பப்பா இரண்டாம் உலகப் போரில இருந்தவராம். ஆனா அந்தப் போர் இலங்கைக்கு வந்ததா என்ன?

கொழும்புக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இரத்மலானையையும் தாக்கின. துறைமுகத்தில் டெனடோஸ், ஹெக்டர் என்ற இரண்டு கப்பல்கள் மூழ்கின. அதே நாள் கடலில் கோர்ன்வோல், டோர்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் போயின. இன்றைக்கு நாம் சாப்பிடவும் சாமான் வாங்கவும் போகிற கொழும்பு 7 ரேஸ்கோர்ஸ் அப்போது விமான ஓடுபாதை, அங்கிருந்துதான் ஹரிகேன் சண்டை விமானங்கள் சில எழும்பின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது, கொலன்னாவ எண்ணெய்த் தாங்கிகள் என்று நினைத்துப் போட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நாலு நாள் கழித்து ஏப்ரல் 9 அன்று திருகோணமலைக்கு அடி விழுந்தது, மட்டக்களப்புக்கு வெளியே ஹேர்மிஸ் விமானந்தாங்கி மூழ்கியது. கொழும்புச் சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊர்களுக்கு ஓடியதும் அப்போதுதான்.

இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை, போனவர்கள் விரும்பிப் போனவர்கள் (சம்பளத்துக்காகப் போனவர்களும் உண்டு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை). பலர் தீவை விட்டு வெளியே போகாமலே கரையோரப் பீரங்கிகளிலும் துறைமுகத்திலும் இருந்தார்கள். பயனியர் (படைக்கு உதவிக் கூலிவேலை செய்யும்) பிரிவுகளில் சேர்ந்தவர்கள் மத்திய கிழக்குக்குப் போனார்கள். சிலோன் கரிசன் ஆர்ட்டிலறி என்ற பீரங்கிப் படையில் இருந்தவர்களில் ஒரு பகுதியை இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். 1942 மே மாதம் 8 ஆம் தேதி இரவு அங்கே ஒரு கலகம் நடந்தது, தோற்றது. அதற்குத் தலைமை தாங்கிய கிரேஷியன் பெர்னாண்டோவும் இன்னும் இருவரும் அதே வருடம் ஓகஸ்டில் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் போரில் கலகத்துக்காகத் தூக்கில் போடப்பட்ட கொமன்வெல்த் படையினர் இவர்கள் மூவர் மட்டுமே. உங்கள் அப்பப்பா கரிசன் ஆர்ட்டிலறி என்றால் இந்தப் பெயர் வீட்டில் ஏதோ ஒரு நேரம் அடிபட்டிருக்கும், பெரிய அத்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

அவர் செத்து முப்பது வருசம். ஒரு பதக்கமும் ஒரு படமும்தான் மிச்சம். இனி என்ன செய்யலாம்?

பதக்கத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள். அந்தப் போருக்குப் பிரித்தானியா கொடுத்த நட்சத்திரங்களும் பதக்கங்களும் பெரும்பாலும் பெயர் பொறிக்காமல் வந்தவை, யாருடையது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. பர்மா ஸ்டார் என்ற பதக்கம் இருந்தால் பர்மாவில் சண்டை போட்டார் என்றுதான் அர்த்தம் என்றும் இல்லை, வங்காள விரிகுடாவில் கப்பலில் இருந்தவர்களுக்கும் அது கிடைத்தது. படத்தில் தொப்பிச் சின்னத்தையும் தோள்பட்டையையும் பெரிதாக்கிப் பாருங்கள், படைப்பிரிவு அதில்தான் தெரியும். படையிலிருந்து விலகும்போது கொடுத்த விடுவிப்புக் கடதாசி எங்காவது இருந்தால் அதுதான் தங்கம். பழைய காணி உறுதிகளோடு சேர்த்து மடித்து வைத்திருப்பார்கள், அங்கே தேடுங்கள்.

நேரடியாகப் பிரித்தானியப் படையில் சேர்ந்தவர் என்றால், அங்கே பாதுகாப்பு அமைச்சிடம் இருந்த சேவைக் கோப்புகள் 2022 முதல் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குக் கட்டம் கட்டமாக மாறி வருகின்றன, விண்ணப்பிக்கலாம். போரில் இறந்தவர் என்றால் கொமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கொழும்பில் ஜாவத்தை லிவெரமெண்டு மயானத்திலும், கண்டியிலும், திருகோணமலையிலும் அவர்கள் பராமரிக்கும் கல்லறைகள் இருக்கின்றன. நம் தேசிய சுவடிகள் கூடத்தில் பழைய பத்திரிகைகளும் வர்த்தமானிகளும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் முன்னால், அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்த, இன்னும் உயிரோடு இருக்கும் யாராவது ஒருவரை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். காப்பகம் அடுத்த வருடமும் இருக்கும்.

"உங்கட போர் அனுபவத்தைச் சொல்லுங்கோ" எண்டு கேட்டேன், மனுசன் இரண்டு வரியில முடிச்சிட்டார்.

அந்தக் கேள்விக்கு இரண்டு வரிதான் வரும். பத்திரிகைக்காரன் கேட்கிற கேள்வி அது, அவரும் பத்திரிகைக்குச் சொல்வதுபோல ஒன்றைச் சொல்லிவிட்டு எழும்பிவிடுவார். வயிற்றிலிருந்தும் காலிலிருந்தும் தொடங்குங்கள். முதல் நாள் காம்பில் என்ன சாப்பாடு, முன்னரங்குக்குச் சோற்றுப் பார்சல் யார் கொண்டுவந்தது, ஊசிப்போயிருந்தால் என்ன செய்தீர்கள், சப்பாத்து அளவாக இருந்ததா, மழைக்குப் பங்கருக்குள் தண்ணி ஏறினால் எங்கே படுத்தீர்கள், தண்ணிப் போத்தல் எத்தனை நாளுக்கு, வீட்டுக்கு எழுதிய கடிதத்தை யார் கொண்டுபோனது. இப்படிக் கேட்டால் கை தானாக எழும்பி மேசையில் படம் கீறத் தொடங்கும், இங்கே நாங்கள், இங்கே கிணறு, அங்கால பனங்கூடல் என்று. உடனே ஒரு கொப்பியையும் பேனாவையும் நகர்த்தி வையுங்கள். அந்தக் கீறலையும் தேதி போட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம், இடையில் மௌனம் வந்தால் நிரப்பாதீர்கள். நம்மவர்களுக்கு இது பெரிய கஷ்டம், யாராவது பேசாமல் இருந்தால் உடனே "தேத்தண்ணி குடிக்கிறீங்களா" என்று கேட்டுவிடுவோம். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பல நேரம் அவர் சொல்ல நினைத்தது.

மைக் எல்லாம் வாங்கோணுமா? எங்க வைச்சு எடுக்கிறது?

போன் போதும். மேசையில் மடித்த துவாய்க்கு மேல் வைத்து, அழைப்பு வராமல் விமான நிலைக்குப் போட்டு, மின்விசிறியைத் தூரத்தில் திருப்பி விடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இருந்தால் ரயில் போகும்போது பேச்சை நிறுத்திப் பிறகு தொடருங்கள். பீரங்கிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஒரு காது மந்தமாக இருப்பது சகஜம், நன்றாகக் கேட்கும் பக்கம் உட்காருங்கள். சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, டிசம்பர் 31 போன்ற வெடி கொளுத்தும் நாட்களைத் தவிர்த்து விடுங்கள், ஏன் என்று விளக்கத் தேவையில்லை. முழுக் குடும்பமும் சுற்றி இருக்க எடுக்காதீர்கள். ஒரு மணித்தியாலம் தாண்டினால் அவர் களைத்துவிடுவார், இன்னொரு நாள் போகலாம்.

பிள்ளைகள் "எத்தனை பேரைச் சுட்டனீங்கள்" எண்டு கேட்டுப்போட்டுதுகள். நாங்கள் கேக்கலாமா?

வேண்டாம். தூரத்திலிருந்து ஷெல் அடித்தவருக்கு அந்தக் கணக்கு தெரியாது. தெரிந்தவர் அதை யாருக்கும் சொல்லாமல் இருக்கத்தான் இவ்வளவு வருடம் பாடுபட்டிருப்பார். எண்ணைச் சொல்கிறவர்களில் பலர் எண்ணைக் கூட்டிச் சொல்கிறவர்கள். அவராகச் சொல்ல வந்தால் குறுக்கே நிற்காதீர்கள், "அது எப்படி இருந்தது" என்றுகூடக் கேட்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். பிள்ளைகள் கேட்டுவிட்டால் அவர் முன்னாலேயே ஏசவும் வேண்டாம், நீங்கள் ஏசினால் அவர் ஏதோ அசிங்கமான ஆள் என்று ஆகிவிடும். பேச்சை மெதுவாக மாற்றிவிடுங்கள், போதும்.

சிலர் வாயே திறக்கிறேல்ல, வேற சிலர் ஒவ்வொரு கல்யாண வீட்டிலயும் அதே கதை. ஏன் இப்பிடி?

வாய் திறக்காததற்குப் பல காரணம். பக்கத்தில் இருந்தவன் செத்தான், தான் சாகவில்லை என்பதை எந்த வசனத்தில் சொல்வது என்று தெரியாது. வீட்டில் உள்ளவர்களுக்கு விளங்காது என்ற நினைப்பு. நம் நாட்டில் கூடுதலாக, சொன்னது யார் காதுக்குப் போகுமோ என்ற பயம். போருக்குப் பிந்தைய மனவடு என்பதை ஒரு நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கைநூல் ஏற்றுக்கொண்டதே 1980 இல்தான், வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்த பிறகு. 1945 இல் வீடு திரும்பிய நம் தாத்தாக்களுக்கு "நித்திரையில் கத்துவார், கிட்டப் போகாதே" என்பதற்கு மேல் ஒரு விளக்கமும் இருக்கவில்லை.

ஒரே கதையைச் சொல்பவரும் ஒருவகையில் வாய் திறக்காதவர்தான். கேட்பவர்கள் சிரிக்கும் இடம், வாய் பிளக்கும் இடம் எல்லாம் செதுக்கி வைத்த கதை அது, அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் பத்திரமாக இருக்கும். கதையை முழுவதும் சொல்ல விடுங்கள், ஆயிரம் தரம் கேட்டதுதான் என்றாலும். முடிந்த பிறகு ஓரத்திலிருந்து கேளுங்கள்: அந்த லொறியில் உங்களுக்குப் பக்கத்தில் யார் இருந்தது? அவர் எந்த ஊர்? பிறகு அவரைக் கண்டீர்களா? பெரும்பாலும் மூன்றாவது கேள்வியில் கல்யாண வீட்டுக் கதை முடிந்து வேறு கதை தொடங்கும்.

ஓய்வுபெற்ற சிங்கள சார்ஜன்ட் ஒருத்தர் பக்கத்து லேனில இருக்கிறார். நான் தமிழ் எண்டு தெரிஞ்சும் கதைப்பாரா?

நான் பார்த்ததில் மற்றவர்களைவிட அதிகமாகவே கதைக்கிறார்கள், முதல் இரண்டு சந்திப்புகளைத் தாண்டினால். முதலில் "நாங்கள் சனத்தை ஒன்றும் செய்யவில்லை" என்ற உரை வரும், அல்லது தமிழில் தெரிந்த நாலு சொல்லைச் சொல்லிக் காட்டுவார், அதில் பெரும்பாலும் சோதனைச்சாவடியில் பழகிய சொற்களாகவே இருக்கும். அதோடு மல்லுக்கட்டாதீர்கள். அவரைச் சிங்களத்திலேயே பேச விடுங்கள், உங்களுக்குச் சிங்களம் தடுமாற்றம் என்றால் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போதே வரிக்கு வரி மொழிபெயர்த்தால் பேச்சு செத்துவிடும், பிறகு வீட்டில் இருந்து செய்யலாம். எதற்காகக் கேட்கிறீர்கள், யார் கேட்பார்கள் என்பதைத் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லுங்கள். கிராமத்தில் வேலை இல்லாமல் பதினெட்டு, பத்தொன்பது வயதில் சேர்ந்தவர்கள் ஏராளம். அந்த வீட்டு நிலைமையிலிருந்து தொடங்கினால் உரை தானாகக் கழன்றுவிடும்.

அவர் சொல்ற தேதியும் இடமும் பிழையா இருக்கு. திருத்தலாமா?

மேசையில் வைத்துத் திருத்தாதீர்கள், பிறகு ஒரு குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். கொழும்புக் குண்டுவீச்சு இரவில் நடந்தது என்று சாதித்த ஒரு பாட்டியைத் தெரியும். மேலே சொன்னபடி அது காலையில் நடந்தது. ஆனால் விளக்கணைப்பு, கறுப்புத் துணி போட்ட ஜன்னல், இருட்டில் ஊருக்கு ஓடியது எல்லாம் அவருக்கு ஒரே நாளாக ஒட்டிவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை, அந்தப் பிழையே அவருக்கு அந்தக் காலம் எப்படி இருந்தது என்பதைச் சொல்கிறது.

தெளிவாக்கக் கேட்பது வேறு. "ஆனையிறவுச் சண்டை" என்று ஒருவர் சொன்னால் 1991 ஆ, முகாம் விழுந்த 2000 ஏப்ரலா, இராணுவம் திரும்பப் பிடித்த 2009 ஜனவரியா என்று தெரிய வேண்டும். "எந்த வருடம்" என்று கேட்டால் தடுமாறுவார். கிரிக்கெட் உலகக் கோப்பை வென்றதற்கு முன்பா பின்பா, யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்ததற்கு முன்பா, சுனாமி நேரம் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். 1996, 2002, 2004 என்று மூன்று முளை கிடைத்துவிடும், மற்றதை அதற்கு நடுவில் பொருத்தலாம்.

பெண்களும் இருந்தவைதானே, அவையளின்ர கதையள் ஏன் குறைவா இருக்கு?

கேட்கப் போகிறவர்கள் வீட்டு ஆண்களிடம் போவதால்தான். இயக்கத்தில் பெண்கள் முன்னரங்கில் நின்றார்கள், இலங்கை இராணுவத்திலும் 1979 முதல் மகளிர் படைப்பிரிவு உண்டு. திரும்பி வந்த பிறகு ஆண்களுக்கு இல்லாத தொல்லை இவர்களுக்கு: கல்யாணப் பேச்சில் மறைக்க வேண்டும், மாமியார் வீட்டில் மறைக்க வேண்டும், கழுத்தில் உள்ள காயத்துக்கு விபத்துக் கதை ஒன்று கட்ட வேண்டும். ஆகவே வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கேட்காதீர்கள். அவர் சொல்லும் இடத்தில், முடிந்தால் பெண் ஒருவர் போய்க் கேட்பது நல்லது, கணவருக்கே தெரியாத விஷயமாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு போங்கள். போருக்குப் போனவரின் மனைவியையும் தனியாகப் பதிவு செய்யுங்கள். லீவில் வந்தவர் எப்படி இருந்தார் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கதைக்கும்போது அழத் தொடங்கினா நிப்பாட்டுறதா?

பதிவை நிறுத்தவா என்று அவரிடமே கேளுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். அழுகை என்றால் பயப்பட வேண்டாம், பலர் அழுதுவிட்டுத் தொடர விரும்புகிறார்கள். பயப்பட வேண்டியது வேறு: உங்களைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது, உடம்பு நடுங்குவது, நடந்ததை இப்போது நடப்பதுபோலச் சொல்வது. அப்போது கேள்வியை விட்டுவிட்டு, அவர் நினைவை இப்போது இருக்கும் அறைக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். தண்ணி கொடுங்கள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், வெளியில் கொஞ்சம் நடக்கக் கூட்டிப்போங்கள். அன்றைக்கு இரவு ஒருதடவை அழைத்து விசாரியுங்கள், கனவு பெரும்பாலும் அன்றைக்குத்தான் வரும். உயிரை விடும் பேச்சு வந்தால் தள்ளிப்போடாமல் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 க்கு எடுங்கள்.

அண்ணா இயக்கத்தில இருந்தவர், புனர்வாழ்வு முடிச்சு இப்ப இங்க ஒரு கடையில வேலை. அவற்ற கதையைப் பதிவு செய்தா பிரச்சினை வருமா?

வரலாம் என்று வைத்துக்கொண்டு நடவுங்கள். 2009 இல் போர் முடிந்த பிறகு இயக்கத்தில் இருந்த சுமார் 12,000 பேர் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய் வந்தார்கள், ஆனால் அந்தச் சான்றிதழ் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் கவசம் இல்லை. விடுதலைப் புலிகள் இயக்கம் தடைசெய்யப்பட்ட அமைப்பு. 1979 இல் தற்காலிகமாக வந்து 1982 இல் நிரந்தரமான பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நம் வீடுகளில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முடிவு அண்ணாவுடையது, உங்களுடையது இல்லை. அவர் சரி என்றாலும் பொறுப்பு, தாக்குதல், மற்றவர்களின் பெயர், ஆயுதம் இருந்த இடம் எதையும் கேட்காதீர்கள், அவர் சொல்ல வந்தாலும் தடுத்து நிறுத்துங்கள். எதற்காகப் போனார், பசி, மலேரியா, நண்பன், அம்மாவைக் காணாத வருடங்கள், திரும்பி வந்து அடையாள அட்டை எடுத்த பாடு, கொழும்பில் அறை வாடகைக்குக் கேட்டபோது சொன்ன பொய், இதிலேயே ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பதிவு செய்வதற்கு முன் ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். பதிவு செய்துவிட்டுப் போவதில் அர்த்தம் இல்லை.

நான் ஆருக்கும் குடுக்கமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினாப் போதும்தானே?

போதாது. அமெரிக்காவில் பொஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தில் ஆயுதம் தூக்கிய இரு தரப்பாரையும் பதிவு செய்தது, நீங்கள் சாகும்வரை வெளியே விடமாட்டோம் என்று உறுதி கொடுத்து. 2011 இல் பொலிஸ் விசாரணைக்காக அழைப்பாணை வந்தது. நீதிமன்றத்தில் இழுபட்டு 2013 இல் ஒரு பகுதி பொலிஸின் கைக்குப் போனது, பிறகு கைதுகளும் நடந்தன. ஒரு பல்கலைக்கழகத்தால் காப்பாற்ற முடியாத வாக்கை உங்கள் மடிக்கணினி காப்பாற்றாது. ஒருவர் தன் சட்டத்தரணியிடம் சொல்வதற்கு உள்ள பாதுகாப்பு உங்களிடம் சொல்வதற்குக் கிடையாது. இதை அவரிடம் நேராகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

பேச்சோட பேச்சா ஒரு குற்றத்தைச் சொல்லிட்டார். இப்ப நான் என்ன செய்யோணும்?

இது எந்தத் தரப்பாரிடமும் வரும், ஆமிக்காரர் சொல்லியும் கேட்டிருக்கிறேன். நம் நாட்டில் கொலைக்கு வழக்குத் தொடரக் கால வரம்பு இல்லை, மற்றக் குற்றங்களுக்குப் பொதுவாக 20 வருடம். ஆகவே "பழைய கதைதானே" என்று தள்ளிவிட முடியாது. அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள், "அது போர்தானே" என்று ஆறுதலும் சொல்லாதீர்கள், மன்னிப்பதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. அந்த மன்னிப்பு யாரிடமாவது இருக்குமென்றால் அது வேறொரு வீட்டில் இருக்கிறது. அழிக்கவும் அவசரப்படாதீர்கள், பரப்பவும் அவசரப்படாதீர்கள், வழக்கறிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பெயர் சொல்லாமல் நிலைமையைக் கேளுங்கள். காணாமல் போனவர் ஒருவரைப் பற்றிய தகவல் அதில் இருந்தால் எனக்கு இது இன்னும் கனமான விஷயம். அந்தத் தகவலுக்காக ஒரு தாய் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்தது, அங்கே தகவல் கொடுக்க முடியுமா என்று அவரையே யோசிக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்லுவேன், மற்றவர்கள் வேறு விதமாக நினைக்கலாம்.

83 இல எங்கட வீடு எரிஞ்சது. நான் ஏன் இவங்கட கதையைக் குந்தியிருந்து கேக்கோணும்?

கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. உங்கள் கதையை முதலில் பதிவு செய்யுங்கள், அது முன்னுரிமை. 83 ஜூலைக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டவர்களின் குரல்களே இன்னும் பாதி வீடுகளில் பதிவாகவில்லை. நான் ஏன் கேட்கிறேன் என்றால், உத்தரவு கொடுத்தவர்கள் நினைவுக் குறிப்பு எழுதிவிடுவார்கள், மேடையில் பேசுவார்கள். கீழே நின்றவர் சொல்வதில்தான் அந்த உத்தரவு தரையில் எப்படி வந்து சேர்ந்தது என்று தெரிகிறது. கேட்பதால் அவரோடு ஒத்துப்போகிறேன் என்று ஆகாது. எனக்கே சில பேச்சுகளைக் கேட்டுவிட்டு நாலைந்து நாள் ஒன்றும் பிடிக்காமல் இருந்திருக்கிறது, அப்போது விட்டுவிட்டேன்.

நினைவுத்தூபிகளுக்குக் கூட்டிக்கொண்டு போனா ஞாபகம் வருமா?

வரும், சில நேரம் தாங்க முடியாத அளவுக்கு. பெயர் செதுக்கிய சுவர் என்றால் தேடும் பெயரைக் கண்ட இடத்தில் கால் நின்றுவிடும். அவராகக் கேட்டால் மட்டும் போங்கள், அங்கே பதிவு வேண்டாம். விகாரமகாதேவி பூங்காவில் இருப்பது முதலாம் உலகப் போருக்காக லட்சென்ஸ் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. முதலில் காலிமுகத்திடலில் இருந்த அதை இரண்டாம் போரின்போது எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடும் என்று பயந்து மாற்றினார்கள். நாடாளுமன்றப் பக்கம் இந்திய அமைதிப்படையில் இறந்த சுமார் 1,200 பேருக்கான நினைவிடமும், பத்தரமுல்லையில் இலங்கைப் படையினருக்கானதும் உண்டு.

யாரை நினைப்பது என்ற சண்டை இங்கே புதிது இல்லை. போரில் இறந்தவர்களை நினைக்கும் நவம்பர் 11 அன்று விற்ற பொப்பிப் பூக்களின் பணம் பெரும்பாலும் பிரித்தானியாவுக்கே போகிறது என்று, உள்ளூர் முன்னாள் படையினருக்காக 1931 இல் பூவரசம் பூ விற்கத் தொடங்கினார்கள். அதுதான் சூரியமல் இயக்கம், பிறகு இடதுசாரி அரசியலாக வளர்ந்தது. இப்போது 2009 இல் போர் முடிந்ததை நினைக்க மே 18 ஒரு சாராருக்கு, மே 19 இன்னொரு சாராருக்கு. இந்த இரண்டு நாட்களுக்கு அருகில் யாரையும் பதிவு செய்ய நான் போவதில்லை, சொந்த நினைவுக்கு மேல் மற்றவர்களின் பேச்சு ஏறி உட்கார்ந்திருக்கும்.

நல்ல பகுதியை வெட்டி முகநூலில போடலாமா?

நினைவைப் பதிவு செய்யக் கேட்ட சம்மதம் இதற்குச் சம்மதம் ஆகாது. போடப் போகும் துண்டை அவருக்குப் போட்டுக் காட்டித் தனியாகக் கேளுங்கள். இரண்டு நிமிடத் துண்டுக்குக் கீழே வருகிறவர்கள் முழுப் பேச்சையும் கேட்கமாட்டார்கள், ஒரு பக்கத்தார் துரோகி என்பார்கள், மறுபக்கத்தார் கொலைகாரன் என்பார்கள், அதை வாசிக்கப்போவது அவருடைய பேரப்பிள்ளை. அண்ணாவின் கேள்விக்குச் சொன்ன நிலைமை என்றால் போடவே வேண்டாம். நாலு பேர் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், நூலகம் நிறுவனத்தின் ஆவணகம் போன்ற காப்பகங்களோடு பேசிப் பாருங்கள், எப்போது, யாருக்குத் திறப்பது என்ற நிபந்தனையை அங்கே முன்கூட்டியே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

எல்லாம் சொல்லி முடிச்சு ஒரு மாசம் கழிச்சு "அழிச்சிடு" எண்டுறார். குடும்பத்துக்கு வேணும். என்ன செய்ய?

அழித்துவிடுங்கள். ஒரு கிழமை பொறுத்துத் திரும்பக் கேட்பதில் தவறில்லை, முழுவதுமா அல்லது ஒரு பகுதி மட்டுமா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் ஒரு பெயர் அல்லது ஒரு சம்பவம்தான் அவரை உறுத்தும், அதை மட்டும் வெட்டினால் சரி என்பார். அப்படியும் முழுவதும் வேண்டாம் என்றால் போனிலும், கணினியிலும், மகளுக்கு அனுப்பிய வட்ஸ்அப்பிலும் தேடி எடுத்துவிட வேண்டும். ஒளித்து ஒரு பிரதி வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவர் இறந்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்று ஒரு மகன் என்னிடம் வாதாடினார். அவர் இருக்கும்போது வேண்டாம் என்று சொன்னது இறந்த பிறகு மாறாது. ஒன்றும் சொல்லாமல் இறந்தவருடைய பதிவு என்றால் அது வேறு, மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து முடிவெடுக்கலாம், ஒருவர் மறுத்தால் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். இதற்காகத்தான் முதல் நாளே ஒரு தாளில், யார் கேட்கலாம், எப்போது, எனக்குப் பிறகு யார் பொறுப்பு என்று மூன்று வரி அவருடைய கையால் எழுதி வாங்கச் சொல்கிறேன். தமிழிலோ சிங்களத்திலோ, அவருக்குக் கை வரும் மொழியில்.